கைக்குழந்தைகளின் வானூர்திப் பயணம்

கைக்குழந்தைகளின் வானூர்திப் பயணம் என்பது இரண்டு வயது நிறைவடையாத குழந்தைகளை வானூர்தியில் அழைத்துச் செல்வதைக் குறிக்கும். இவர்கள் பொதுவாகத் தனி இருக்கையின்றிப் பெற்றோரின் மடியில் அமர்ந்து செல்கின்றனர். வானூர்தி தரையிறங்கும் வேளையில் இவர்கள் அழுவதற்குக் காதுவலி ஒரு முக்கிய காரணமாகும்.

காதுவலியின் காரணம்

பறக்கும் வானூர்தியினுள் காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள இடத்தின் அழுத்தத்திற்கு ஒப்பாகப் பேணப்படுகிறது. இது ஏறத்தாழ உதகமண்டலத்தின் அழுத்தமாகும். வானூர்தி இறங்கும்போது இவ்வழுத்தம் கூடுகிறது. நடுச்செவியில் அழுத்தம் குறைவாகவே இருப்பதால் செவிப்பறை உட்புறமாக இழுபட்டு வலி உண்டாகிறது. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் யூசுடேக்கியன் குழல் திறந்தால் வேறுபாடு நீங்கும். விழுங்கும்போது இக்குழல் திறக்கிறது. பெரியவர்கள் வேண்டும்போது எச்சிலை விழுங்கிக்கொள்வர்; கைக்குழந்தைகளால் அவ்வாறு இயலாது. அவர்களின் குழல் குறுகலானதும் கூட.

தணிக்கும் முறைகள்

இறங்கும்போது தாய்ப்பால் அல்லது பால்புட்டி கொடுத்தல், சூப்பானைச் சுவைக்கச் செய்தல் ஆகியன பயன்தரும். தூக்கத்தில் விழுங்குதல் குறைவதால், இறங்கத் தொடங்கும்போது குழந்தையை எழுப்பிவிடுதல் நல்லது. சளி அல்லது காதுத் தொற்று இருப்பின் பயணத்திற்கு முன் மருத்துவரை அணுக வேண்டும்.

தூக்க மருந்துகள்

அழுகையைத் தவிர்க்கச் சிலர் ஒவ்வாமைக்கான மருந்துகளைத் தூக்கத்திற்காகக் கொடுப்பதுண்டு. இது ஆபத்தானது. இவ்வகையைச் சேர்ந்த புரோமெதசீன், மூச்சுத் திணறலால் இறப்பை ஏற்படுத்தக்கூடும் என்பதால் இரண்டு வயதிற்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004 இல் எச்சரித்தது.

திருப்பூர்ப் பகுதி

பின்னலாடைத் தொழில் நகரான திருப்பூரில் வானூர்தி நிலையம் இல்லை. சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கோயம்புத்தூர் பீளமேட்டில் உள்ள பன்னாட்டு வானூர்தி நிலையமே அண்மையிலுள்ளது. அங்கிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி மட்டுமே. புறப்பட்ட அரை மணி அளவில் இறக்கம் தொடங்கிவிடும். ஏறும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால், இறங்கும்போது குழந்தை குடிக்க மறுக்கலாம். எனவே ஒரு பகுதியை இறக்கத்திற்கு ஒதுக்கி வைத்தல் வேண்டும். பன்னாட்டுப் பயணங்களில் நீர்மங்களுக்கான 100 மில்லிலிட்டர் வரம்பிலிருந்து குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு.

பிற பயணிகள்

அழுகையொலியைத் தவிர்க்க விரும்புவோருக்காக, 12 வயதிற்குட்பட்டோரை அனுமதிக்காத அமைதிப் பகுதிகளை ஸ்கூட் நிறுவனம் 2013 இலும் இன்டிகோ நிறுவனம் 2016 இலும் அறிமுகப்படுத்தின. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019 இல், கைக்குழந்தைகள் அமரும் இருக்கைகளை முன்பதிவுப் படத்தில் காட்டத் தொடங்கியது.