காட்டுத் தீயும் கட்டுப்பாடும்



2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச் சரிவிற் பற்றிய தீயில், மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் இளைஞர்கள். காலில் வலிமையுள்ளோர் ஓடித் தப்ப ஏன் இயலவில்லை?

தீ வாழ்வதற்கு எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். மாசி, பங்குனித் திங்கள்களில் நம் மலைக்காடுகளில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. மரங்கள் இலையுதிர்க்கின்றன, ஆளுயரப் புல் காய்ந்து வைக்கோலாகிறது. சமநிலத்திற் காற்றில்லாதபோது தீயின் நாக்கு வானை நோக்கி நிமிரும். சரிவிலோ, அது மேற்புறத்துப் புல்லை நெருங்கி, தீண்டும் முன்னரே அதனை உலர்த்திவிடும். ஆகவே, சரிவு செங்குத்தாக ஆக, ஏறும் தீயின் வேகம் மிகும். ஏறும் மனிதனின் வேகமோ குறையும். விடை இதுவே.

மூண்டபின் அணைப்பது அரிது. ஆதலின், வனத்துறையினர் கோடைக்கு முன்னரே காட்டினூடே நீண்ட பட்டைகளாகப் புல்லையும் சருகையும் அகற்றுகின்றனர். இவற்றைத் தீத்தடுப்புக் கோடுகள் என்பர். எரிபொருளற்ற நிலத்தில் தீ நின்றுவிடும். ஆயினும், காற்றிற் பறக்கும் பொறி கோட்டைத் தாண்டிவிடுமன்றோ? அதனாலேயே காப்புக்காட்டில் தீ மூட்டுவதை 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் தடுக்கிறது.

"காடு பொதுச்சொத்தாயிற்றே, நம்மைத் தடுப்பானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருகால் அவ்வாறே எண்ணியவன்தான். பணியிலிருந்தபோது மாணவர்களுடன் ஒரு மலையடிவாரஞ் சென்று, கல் கூட்டிச் சோறாக்கினோம். ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுப் புறப்பட்டோம். அவ்வழி வந்த வனக்காவலர் குச்சியொன்றால் சாம்பலைக் கிளறினார். அடியிற் கங்கு சிவந்திருந்தது. அவர் என்னைக் கடியவில்லை. "சார், நீங்கள் போனபின் காற்று வந்திருக்கும்" என்று மட்டுமே கூறினார். பிள்ளைகள் முன் நான் தலைகுனிந்தேன்.

ஆகவே, தடை விதித்த காலத்திற் காட்டிற்குட் செல்லாதீர்கள். எக்காலத்தும் தீப்பெட்டியைக் கொண்டு செல்லாதீர்கள். புகை கண்டால் வனத்துறைக்கு உடனே அறிவியுங்கள். தீயிடைச் சிக்கினால் மேல்நோக்கி ஓடாது, பக்கவாட்டில் விலகிப் பாறைவெளியையோ புல்லற்ற நிலத்தையோ அடையுங்கள்.

நாம் மூட்டாத தீயை யாரும் அணைக்க வேண்டியதில்லை.