வீட்டுக் கொல்லையில் வெல்டிங்

ஈயப்பற்று வைக்கும்போது இடையில் விடும் ஈயம் மட்டுமே உருகுகிறது. வெல்டிங்கில் சேர வேண்டிய இரும்பின் விளிம்புகளே உருகி, உருகும் கம்பியான ராடிலிருந்து வழியும் உலோகத்தோடு கலந்து, ஒரே உடம்பாக இறுகுகின்றன. இதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே பாயும் மின்வில், அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான சூட்டை ஒரு நொடியில் கொடுத்துவிடும். வீட்டில் பழகுவோருக்கு இந்த ஆர்க் வெல்டிங்தான் வசதி. கேஸ் சிலிண்டர் வேண்டாம், கருவிகளும் குறைவு.

முன்பு பட்டறைகளில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். இன்றைய இன்வெர்ட்டர் மெஷினை ஒரு கையால் தூக்கிவிடலாம். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும் என்பதால் 230 வோல்ட் வீட்டு இணைப்பிலேயே ஓடும். ஆனால் மிக்ஸி செருகும் சிறிய பிளக்கில் அல்ல; ஏ.சி.க்குப் போடுவதுபோல் தனி ஒயர் இழுத்த 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

ராடின் மேல்பூச்சு வெறும் பூச்சு அல்ல. ரஷ்யாவின் நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ் 1888-இல் உலோக ராடையே உருக்கி வெல்டிங் செய்தார். வெறும் கம்பியாக இருந்ததால், உருகிய இரும்பில் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் புகுந்து இணைப்பு நொறுங்கக்கூடியதாயிற்று. கம்பிக்கு மேல்பூச்சு கொடுத்து இதைத் தீர்த்தவர், 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய சுவீடன்காரர் ஆஸ்கார் ஷெல்பெர்க். பூச்சு எரிந்து வாயுவாகி உருகலைச் சூழ்ந்துகொள்கிறது. மிச்சம் கசடாகப் படிந்து, ஆறும்வரை மூடிக் காக்கிறது. தொடக்கநிலையாளருக்கு ஏற்ற 6013 ராடின் பூச்சில் முதன்மையானது ரூட்டைல் என்னும் கனிமம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுப்பவற்றுள் அதுவும் ஒன்று. 6013 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் இணைப்பின் வலிமையைச் சொல்கின்றன: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை. அடுத்த 1, எந்த நிலையிலும் வெல்டிங் செய்யலாம் என்பதன் குறி. ராடு ஈரம் பட்டால் இணைப்பில் துளைகள் விழும். மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்தபடி விடக்கூடாது.

மெஷினுக்குச் செலவழிப்பவர்கள் ஹெல்மெட்டில் மிச்சம் பிடிப்பதுண்டு. இது தலைகீழான கணக்கு. மின்வில்லின் புறஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக்கொண்டு படுக்காமல் கண் மருத்துவரிடம் போவதே சரி. தானாகக் கருக்கும் ஹெல்மெட், 10 அல்லது 11 எண் கறுப்புடன் இருந்தால் நல்லது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் அந்தக் கதிர் பொதுதான். தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ ஆகியவை கட்டாயம். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் செருப்பில் பொறி விழுந்தால் கால் தப்பாது.

கொல்லைப்புறம் போன்ற திறந்த வெளியே உகந்தது. ஈரத் தரையில் நின்று செய்யக்கூடாது. பொறி பத்து மீட்டர் வரைகூடத் தெறிக்கும் என்பதால் விறகு, தென்னை ஓலை, பெயின்ட் டப்பா அருகில் இருக்கலாகாது. வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கே ஒரு கண் இருக்க வேண்டும். வீட்டில் எளிதில் கிடைக்கும் ஜி.ஐ. பைப்பில் தனி ஆபத்து உண்டு. அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். பழகுவதற்கு அந்தப் பைப்பே வேண்டாம். பெட்ரோல் டேங்க், எண்ணெய் பேரல் ஆகியவை காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

முதலில் எதையும் இணைக்க முயலாமல், 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) பட்டையில் கோடு போட்டுப் பழக வேண்டும். துருவையும் பெயின்டையும் கிரைண்டரால் தேய்த்து, எர்த் கிளாம்பைச் சுத்தமான இரும்பில் கடித்து வைக்க வேண்டும். தீக்குச்சி கிழிப்பதுபோல் ராடை உரசினால் வில் பிடிக்கும். ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினால் விடும், விடாவிட்டால் ராடிலிருந்து ஹோல்டரைக் கழற்றிவிடலாம். நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடின் தடிமன் அளவே இருக்கட்டும். ராடு எரிய எரியக் குறுகுவதால், கை முன்னே போகும்போதே கீழேயும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரட்டை நகர்வுதான் கைவர நாளாகும்.

பெரும்பாலோர் தடுமாறுவது கையால் அல்ல, பார்வையால். புதியவர் பளிச்சிடும் வில்லையே பார்ப்பார். பார்க்க வேண்டியது அதன் பின்னால் தளும்பும் உருகிய குட்டையை. அதன் ஓரம் இரு பக்கமும் இரும்பில் ஊறிப் படிகிறதா, பின்விளிம்பு வட்டமாக இறுகுகிறதா என்று கவனித்தால் வேகம் தானே அமையும். உருகிய கசடும் குட்டையோடு சேர்ந்தே தெரியும். இரண்டையும் பிரித்தறியச் சில பாக்கெட் ராடு செலவாகத்தான் செய்யும். காதும் உதவும்: சீராக வடை பொரியும் ஓசை வந்தால் ஆம்பியர் சரி. ராடு அடிக்கடி ஒட்டினால் குறைவு. ராடு செக்கச்சிவந்து, கோட்டின் ஓரம் பள்ளமாக அரிக்கப்பட்டால் அதிகம்.

ஆறியபின் கண்ணாடி போட்டுக்கொண்டு கசடைச் சுத்தியால் தட்டினால் மீன் செதில் போன்ற வரிகள் தெரிய வேண்டும். அழகு மட்டும் சாட்சியாகாது. இரண்டு துண்டுகளை ‘டி’ வடிவில் ஒரு பக்கம் மட்டும் இணைத்து, வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்கிப் பார்த்தால் உண்மை வெளிவரும். உடைந்த இடத்தில் துளையோ கசடோ, உருகாத பழைய விளிம்போ தெரிந்தால் இணைப்பு மேலோடு நின்றிருக்கிறது.

இந்தச் சோதனையில் தேறியபின் பூந்தொட்டி ஸ்டாண்டு, சிறு ஸ்டூல் செய்யலாம். உருகிய இரும்பு இறுகும்போது சுருங்கி, சட்டத்தைக் கோணலாக்கும். எனவே நான்கு மூலையிலும் சிறு டாக் (தற்காலிகப் பொட்டு இணைப்பு) அடித்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்த பிறகே முழுக்கோடு, அதுவும் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி. ஊஞ்சல் கொக்கி, மாடிப்படி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, வண்டிச் சட்டம் போன்ற உயிரைத் தாங்கும் வேலைகள் தேர்ந்த வெல்டருக்குரியவை. தொழிலாகவே கற்க விரும்புவோருக்கு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.