இருமலும் மின்சாரமும்

தும்மினால் வாழ்த்தும் நாம் இருமலை வெறுக்கிறோம். அஃது இல்லாதார் படும் பாட்டை அறியோம். கழுத்தின் கீழ்ப்பாகத்தில் தண்டுவடம் சிதைந்தவர் மூச்சை உள்ளிழுக்க வல்லர். உதரவிதானத்தை இயக்கும் நரம்புகள் கழுத்தின் 3, 4, 5ஆம் கூறுகளினின்று புறப்படுவனவாதலின். இருமுதற்கோ வயிற்றுத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் வேண்டும். அவற்றின் நரம்புகள் சிதைவுக்குக் கீழே உள்ளமையால் மூளையின் ஆணை எட்டுவதில்லை. கோழை தேங்கி நிமோனியா காண்கிறது. பிறர் வயிற்றை அழுத்தியேனும், குழாயிட்டு உறிஞ்சியேனும் அதனை எடுத்தல் வேண்டும்.

ஆயினும் சிதைவுக்குக் கீழுள்ள தண்டுவடம் இறந்துபடவில்லை. இதனையே துணையாகக்கொண்டு, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து வைத்தியர் அந்தோணி டிமார்க்கோவும் அவர் கூட்டத்தாரும் 2006ஆம் ஆண்டில் புதுவழியொன்றை வெளியிட்டனர். முதுகின் 9, 11ஆம் மார்பெலும்புகளின் மட்டத்திலும், இடுப்பின் முதலெலும்பின் மட்டத்திலும் தண்டுவடத்தின் உறைமேல் சிறு தகடுகளைச் சத்திரசிகிச்சையால் பொருத்தினர். தோலின்கீழ் ஒரு கருவி. வெளியே சிறு பெட்டியொன்று. பெட்டியை இயக்கியதும், கம்பியின்றியே ஆணை உட்சென்று, நொடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகளாக மின்சாரம் பாய்கிறது. தசைகள் ஒருங்கே சுருங்கக் காற்று வெடித்தெழுகிறது. தொடக்கத்தில் சிலர்க்கு இரத்த அழுத்தம் ஏறிற்று. பழகப் பழகத் தணிந்தது. சத்திரசிகிச்சை எளிதன்றுதான். எனினும், நள்ளிரவில் கோழை அடைத்தால் அயர்ந்துறங்கும் தாயையோ மனைவியையோ எழுப்பாமல், தாமே ஒரு பொத்தானை அழுத்தி இருமிவிடலாம்.