உலகறிந்த கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே

கட்டடம் அழகாய் அமைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதைக் கட்டியவருக்கு உலகப் புகழ் கிட்டிவிடுவதில்லை. தம் காலத்து மக்கள் நெஞ்சை வாட்டிய கேள்விக்கு அவர் தமது கலையால் விடை கூறியிருக்க வேண்டும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே அத்தகையவர்.

1913-ஆம் ஆண்டில் ஒசாகாவில் பிறந்த டாங்கே, இளமையில் ஹிரோஷிமாவில் கல்வி பயின்றார். அங்கே வெளிநாட்டுக் கலைச் சஞ்சிகை ஒன்றில் லெ கார்புஸியேயின் வரைபடங்களைக் கண்டு, கட்டடக் கலையின்பால் ஈர்க்கப்பட்டார். நம் சண்டிகார் நகரைத் திட்டமிட்ட அதே கார்புஸியேதான்.

1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு வீழ்ந்து ஹிரோஷிமா அழிந்தது. அங்கே சமாதானப் பூங்கா அமைப்பதற்கென 1949-இல் நடந்த போட்டியில் டாங்கே குழுவினரின் திட்டம் வென்றது. இத்தகைய இடத்தில் எதைக் கட்டுவது? நடந்ததை மறைப்பதா, புலம்பலையே நிலைநிறுத்துவதா? டாங்கே இரண்டையும் செய்யவில்லை. ஒரு நேர்கோட்டை வரைந்தார். அதன் ஒரு முனையில் தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் பொருட்காட்சிச்சாலை. நடுவே, மாண்டோர் பெயர்ப் பட்டியலைத் தாங்கும் கற்பேழைக்கு மேல் ஒரு வளைவு. மறுமுனையில், குண்டுக்குத் தப்பி எலும்புக்கூடாய் நின்ற குவிமாடக் கட்டடம். வளைவின் முன் நின்று வணங்குவோர் கண்ணில் அச்சிதைவே படும்.

அதனை இடித்துவிட வேண்டுமென்று கருதியவர்களும் அந்நாளில் இருந்தனர். 1966-இல்தான் நகர மன்றம் அதைக் காப்பதென்று உறுதி செய்தது. 1996-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்த முடிவுக்கு வெகுகாலம் முன்பே, அச்சிதைவைத் தம் திட்டத்தின் இலக்காக வைத்த துணிவை நாம் வியக்கிறோம்.

பழமையையும் புதுமையையும் இணைத்த விதத்திலும் அவருடைய தனித்தன்மை விளங்குகிறது. நினைவு வளைவு, பண்டைய ஜப்பானியக் கல்லறைகளில் கண்டெடுக்கப்பட்ட சுடுமண் வீட்டுருவங்களை நினைவூட்டும். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்காக எழுப்பிய யோயோகி விளையாட்டரங்கிலோ, தொங்கு பாலத்தின் உத்தியைக் கையாண்டார். இரு பெருந்தூண்களுக்கிடையே எஃகு வடங்களைக் கட்டி, கூரையை அவற்றில் தொங்கவிட்டார். உள்ளே பார்வையைத் தடுக்கும் தூண் ஏதுமில்லை; வெளியிலிருந்து பார்த்தாலோ, பழைய ஆலயக் கூரையின் சரிவு நம் நினைவுக்கு வருகிறது.

1963-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த, அன்றைய யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த ஸ்கோப்யே நகரின் மையப் பகுதியைப் புதுப்பிக்கும் திட்டத்திலும் அவர் பெரும்பங்கு கொண்டார். அழிந்த ஊரை மீண்டும் எழுப்பும் அறிவை உலகம் அவரிடம் நாடியது. கட்டடக் கலையின் உயர் விருதான பிரிட்ஸ்கர் பரிசை 1987-இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. அவரிடம் பயின்ற மாக்கியும் இஸோஸாகியும் பின்னர் அதே பரிசைப் பெற்றனர். டாங்கே 2005-இல் காலமானார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 6-ஆம் தேதி அந்த நினைவு வளைவின் முன் மக்கள் கூடி மாண்டோரை நினைவுகூர்கின்றனர். பரிசுகளை உலகம் மறக்கலாம். மக்கள் தம் துயரை இறக்கி வைக்க அவர் அமைத்துத் தந்த இடத்தை மறக்காது.