மோட்டார் வண்டிகளின் தொடக்க ஓட்டமுறையும் அதனை மாற்றுதலும்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக் குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உப்பளங்களும் துறைமுக வியாபாரமும் குறைவின்றி நடைபெற்று வருகின்றன. இவற்றோடு இப்போது மோட்டார் வண்டித் தொழிலும் சேர்ந்திருக்கிறது. வியத்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியார் இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் நிறுவிய மின்சாரக் கார்த் தொழிற்சாலை, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி திறந்துவைக்கப்பெற்றது. ஆண்டொன்றுக்கு 50,000 கார்கள் என்னும் அளவில் வேலை தொடங்கியது. இக்கார்களில் சிக்கனமாய்ச் செல்வதற்கும், சாதாரணமாய்ச் செல்வதற்கும், வேகமாய்ச் செல்வதற்கும் வெவ்வேறான ஓட்டமுறைகள் உள்ளன.

இவ்வசதி கார்களோடு நிற்கவில்லை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்தபின், மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட டீசல் யந்திரங்கள் நம் வயல்களிலும் இறங்கியுள்ளன. உதாரணமாக, மஹிந்திரா கம்பெனியாரின் நோவோ வரிசையில் ‘டீசல் ஸேவர்’, ‘நார்மல்’, ‘பவர்’ என மூன்று முறைகள் காணப்படும். இத்தகைய வண்டி வாங்கிய குடியானவர் சிலர், "சாவியைத் திருப்பியவுடன் பவர் முறையிலேயே எழும்படி உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றிக்கொள்ளலாமா?" என்று வினவுகின்றனர். அவ்வாறு மாற்றித் தருவதாகக் கையில் கணினியோடு வருவோரும் உளர். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

ஓட்டமுறை என்பது யாது?

பழைய டிராக்டரில் டீசலை அளந்து விடுவது பம்பும், அதனோடு இணைந்த கவர்னர் என்னும் இரும்புப் பொறியுமே. புதிய யந்திரத்தில் ஒரு பொதுக் குழாயில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகிறது. அதனை எந்த நொடியில், எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதை ஈ.ஸீ.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தல் இங்கே டீசலை நேரே திறந்துவிடுவதாகாது. இவ்வளவு இழுவை வேண்டும் என்று பெட்டிக்கு அனுப்பும் வேண்டுகோளேயாகும். நாமே மடையைத் திறந்துகொள்வது பழைய வழக்கம். நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லி, அவர் தம் கணக்கைப் பார்த்துத் திறந்துவிடுவது புதிய வழக்கம் எனலாம்.

அக்கணக்குகளே அட்டவணைகளாகப் பெட்டியில் பதியப்பெற்றுள்ளன. ஒவ்வோர் ஓட்டமுறைக்கும் ஓர் அட்டவணை உண்டு. சாவியைத் திருப்பியவுடன், ஓட்டுபவர் எதனையும் தேர்ந்துகொள்ளாத நிலையில், வண்டி தானாகவே மேற்கொள்ளும் முறையைத் தொடக்க முறை என்போம். சில வண்டிகள் இறுதியாக ஓட்டிய முறையை நினைவில் வைத்திருக்கும். வேறு சில, ஒவ்வொரு தடவையும் குறித்த ஒரே முறைக்குத் திரும்பிவிடும்.

தொடக்க முறையைக் குறிப்பதன் காரணம்

வண்டி விற்பனைக்கு வருமுன் அதன் புகையும் எரிபொருட் செலவும் சோதனைச்சாலையில் அளக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதுவகைக் கார்களுக்கு வந்த சோதனை விதிகளில், முன்பு எம்முறையில் நிறுத்தப்பட்டிருப்பினும் வண்டி எழும்போதெல்லாம் தானே மேற்கொள்ளும் முறைக்குத் தனியிடம் அளிக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு தொடக்க முறை கம்பெனியார் பெற்ற நற்சான்றோடு பிணைந்தது.

பெட்டிக்குள் எழுதியிருப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு 2015-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் விவகாரமே சான்று. சோதனை நடைபெறுவதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்து, சாலையில் அதிகமாக விடும்படி மென்பொருள் அமைத்திருந்தது அமெரிக்காவில் அம்பலமாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் இதிற் சம்பந்தப்பட்டன. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்த நேர்ந்தது.

மாற்றும் வழிகள் மூன்று

முதலாவது, வண்டியிலேயே உள்ள பொத்தான் அல்லது திரைப்பட்டியல் வழியாக மாற்றுவது. இதில் தோஷம் எதுவும் இல்லை. உழவு தொடங்குமுன் ஒரு பொத்தானை அமுக்குதல் ஒரு நொடி வேலை.

இரண்டாவது, கம்பெனியார் முன்பே அமைத்து வைத்துள்ள விருப்பங்களுள் ஒன்றை அவர்களுடைய அதிகாரம் பெற்ற பணிமனையில், அவர்களுடைய கருவியைக்கொண்டே மாற்றுவது. கடைசி முறையை நினைவில் கொள்ளும் வசதி சில வண்டிகளில் இவ்வாறு கிடைக்கலாம். அட்டவணைகள் இதனால் மாறுவதில்லை.

மூன்றாவது, வெளியார் கணினியைச் சோதனைச் செருகியில் இணைத்து, பெட்டியிலுள்ள அட்டவணைகளையே அழித்துப் புதிதாய் எழுதுவது. ‘டியூனிங்’ என்று சொல்லப்படுவது இதுவே. தொடக்க முறையை மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டே டீசல் அளவையும் குழாய் அழுத்தத்தையும் உயர்த்தி எழுதிவிடுவதும் உண்டு. எழுதும்போது பாட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தால் பெட்டியே செயலற்றுப் போகக்கூடும். பழைய டிராக்டரில் பம்பின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டும் வழக்கத்தை நம் கிராமங்களில் யாவரும் அறிவர். முதல் மாதம் இழுவை கூடினாற்போல் தோன்றும். பின்னர்க் கரும்புகையும், பிஸ்டன் சூடேறலும், ரிப்பேர்ச் செலவும் தொடரும். வெளியார் செய்யும் டியூனிங் அதன் புதிய உருவமே.

பவர் முறை எங்கே உதவும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் நிலத்தில் கோடையில் சட்டிக் கலப்பை பூட்டி ஆழ உழுவதற்கும், ரோட்டவேட்டர் கொண்டு கட்டிகளை உடைப்பதற்கும் பவர் முறை ஏற்றது. அங்கே யந்திரத்தின் சக்தி முழுவதும் மண்ணில் செலவாகிறது.

மழைக்குப்பின் கரிசல் ஒட்டும்போதும், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் நிலைமை வேறு. இவ்விடங்களில் வேலையைத் தடுப்பது யந்திரத்தின் பலக்குறைவன்று. சக்கரத்தின் பிடிமானக் குறைவே. சக்தியைக் கூட்டினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று குழி பறிக்குமேயன்றி வண்டி முன்செல்லாது. டயரின் காற்றைச் சரிபார்த்தல், சக்கரத்தில் இரும்பு எடையேற்றுதல், டயரில் நீர் நிரப்புதல், ஈரம் பதமாகும்வரை பொறுத்தல் ஆகியவையே இதற்குப் பரிகாரம்.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து வாழைத்தார்களை டிரெயிலரில் ஏற்றிச் செல்லவும், ஒன்பது கொத்துக் கலப்பையால் மேலுழவு செய்யவும் சிக்கன முறை அல்லது சாதாரண முறை பெரும்பாலும் போதுமானது. மருந்து தெளிப்பான் முதலிய பி.டி.ஓ. கருவிகளுக்கு வேண்டியது நிமிஷத்துக்கு 540 சுற்று. அதற்குமேல் யந்திரத்தை முடுக்குவது டீசலை விரயமாக்குவதேயாகும்.

தாமே சோதித்தறியும் விதம்

பிறர் சொல்லை நம்புவதினும் தம் நிலத்தில் அளந்து பார்ப்பதே மேல். ஒரே தன்மையான நிலத்தில் ஓர் ஏக்கர் வீதம் இரண்டு பாத்திகளை அளந்துகொள்க. டாங்கியைக் கழுத்துவரை நிரப்பி, முதற்பாத்தியைச் சிக்கன முறையில் உழுக. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிட்டர் அளவையால் மீண்டும் கழுத்துவரை நிரப்பி, ஊற்றிய அளவையும் உழுத நேரத்தையும் குறிக்க. இரண்டாம் பாத்தியை அதே கலப்பை, அதே ஆழம், அதே ஆள் கொண்டு பவர் முறையில் உழுது அவ்வாறே குறிக்க. நேரத்தில் மிஞ்சியது எவ்வளவு, டீசலில் போனது எவ்வளவு என்பது அப்போது விளங்கும். விதைப்புக் காலத்தில் ஈரம் போகுமுன் முடிக்க வேண்டியிருந்தால் நேரமே பெரிது. கோடையுழவில் டீசலே பெரிது. இரண்டு காலத்துக்கும் ஒரே தொடக்க முறை பொருந்தாது என்பதை இச்சோதனை தெளிவாக்கும்.

சட்டமும் நஷ்டமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவ்வாண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டாரும் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்துள்ளனர்.

இதனினும் பெரிய நஷ்டம் உத்தரவாதத்தை இழத்தல். பெட்டி வெளியாரால் திருத்தி எழுதப்பட்டிருப்பதைக் கம்பெனியாரின் கருவி காட்டிக்கொடுக்கக்கூடும். அந்நிலையில் பழுதுச் செலவை அவர்கள் ஏற்க மறுப்பர். விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் இழப்பீட்டிலும் தகராறு எழும். பாங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர் விதைப்புக்கு முன் பணிமனையில் முடங்கினால், தவணையும் போய்ப் பருவமும் போகும்.

யோசனைகள்

1. வண்டியோடு வந்த கையேட்டைப் படித்து, தொடக்க முறை யாது என்பதையும் அதனை மாற்றும் வழி உண்டா என்பதையும் அறிக.

2. மாற்றம் வேண்டின் அதிகாரம் பெற்ற பணிமனையாரை எழுத்து மூலம் கேட்க. செய்த வேலையை வேலைச்சீட்டில் குறிக்கச் சொல்லிப் பத்திரப்படுத்துக.

3. வெளியார் எவரையும் சோதனைச் செருகியில் கணினி இணைக்க விடலாகாது.

4. பழைய டிராக்டர் வாங்குவோர், பெட்டியின் மென்பொருள் மூலநிலையில் உள்ளதா எனப் பணிமனையில் சோதித்தபின் விலை பேசுக.

5. உழவு, ஏற்றுமதி, தெளிப்பு ஆகியவற்றுக்கு உரிய முறையை ஒரு சிறு சீட்டில் எழுதி ஓட்டுபவரின் கண்முன் ஒட்டிவைக்க.

கிராம நிர்வாக அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும், வாடகை டிராக்டர்களை வைத்திருப்போருக்கு இவ்விஷயங்களை எடுத்துரைத்தல் வேண்டும். வாடகை வண்டி பல கைகளில் ஓடுவதால் அதிற் செய்யும் ஒரு தவறு பலருடைய பருவத்தைப் பாதிக்கும். முறையை மாற்றப் பொத்தான் இருக்கிறது. எந்த நிலத்துக்கு எப்போது எதனைத் தேர்வது என்னும் அறிவு ஓட்டுபவரிடம் இருப்பின், பெட்டியைத் திறந்து திருத்தவேண்டிய அவசியமே நேராது.