காயில் கடைக்கு வந்த குட்டி விமானம்

கோடை விடுமுறைக்குக் குட்டி விமானம் பறக்கவிடுவதைப் பற்றி நாலு பக்கம் வேண்டும், படமெல்லாம் கலர் கலராக இருக்கட்டும் என்றார் ஆசிரியர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோவை மைதானத்தில் காய்ந்தேன். விமானங்கள் பறந்தன, விழுந்தன, படமும் கிடைத்தது. எழுதச் சரக்கு கிடைத்த இடம் வேறு: பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடை.

மைதானத்தில் பழக்கமான இன்ஜினீயரிங் மாணவர் ஒருவர்தான் அங்கே அழைத்துப் போனார். கையில் மூக்கு நசுங்கிய தெர்மாகோல் விமானம், சட்டைப் பையில் அதன் மோட்டார். ஏ2212, 1000 கே.வி. கிலோவோல்ட் என்று பதறாதீர்கள். ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று என்று கணக்கு. 11.1 வோல்ட் பேட்டரி கொடுத்தால், விசிறி மாட்டாதபோது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றைத் தொடும். அளவு என்னவோ சின்ன எலுமிச்சம்பழம்தான்.

ஐந்து ஹெச்.பி. மோட்டாரின் வயிற்றுக்குள் கைவிட்டிருந்த கடைக்காரர், அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன பண்ணுது தம்பி?”

“சுத்த மாட்டேங்குதுங்ணா. வெடுக்வெடுக்குன்னு உதறுது. மீட்டர் வெச்சுப் பாத்தா மூணு ஒயரும் பீப் அடிக்குது.”

“மீட்டருக்கு ஒரு இழை தொட்டாப் போதுமே.”

மோட்டாரிலிருந்து வரும் ஒவ்வொரு ஒயரும் மெல்லிய எனாமல் கம்பிகள் பல சேர்ந்த கற்றை. மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட். விமானம் மேலே ஏறும்போது இழுப்பதோ பத்து ஆம்பியருக்குப் பக்கத்தில். ஒற்றை இழையை நம்பி அவ்வளவும் போகாது.

கடைக்காரர் மீட்டரை எடுக்கவே இல்லை. இரண்டு ஒயரின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரலால் மோட்டாரைச் சுற்றினார். கெட்டியாக இழுத்துப் பிடித்தது. அடுத்த ஜோடி, லொடலொடவென்று சுற்றியது. மூன்றாவதும் அப்படியே. “ரெண்டுலயும் இருக்கிறது இந்த ஒயருதான். இதுலதான் கோளாறு” என்று ஒன்றைத் தனியே மடக்கி வைத்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த மின்காந்தத் தூண்டல் அன்றைக்குத்தான் விரலில் ஏறியது.

மேலே போட்டிருந்த ஸ்லீவை உரித்தார். ஈயம் பளபளவென்று உருண்டு நின்றது.

“ஒயரு நீளமா இருக்குதுன்னு வெட்டிட்டீங்களா?”

“ஆமாங்ணா, மூணையும்.”

“வெட்டிட்டு எனாமலச் சொரண்டுனீங்களா?”

மாணவர் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது. கம்பெனியிலிருந்து வரும்போது முனைகளில் எனாமல் நீக்கி ஈயம் பூசியிருக்கும். அதை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது எனாமல் போர்த்திய செம்பு. செம்பு நிறத்திலேயே இருப்பதால் வெறும் கம்பி என்று கண் ஏமாறும். ஈயம் மேலே உட்காரும், உள்ளே ஒட்டாது.

சடையைப் பிரிப்பதுபோல் இழைகளைப் பிரித்து எண்ணினார். ஒன்று குறைந்தது. அது மோட்டாரின் வாசலிலேயே அறுந்து கிடந்தது. இந்த வகை மோட்டாரில் சுற்றுவது வெளிக்கூடு. ஒயர் சற்றுத் தளர்ந்து அதில் உரசினால் நாலு நாளில் அராவித் தின்றுவிடும். தண்டின் அடியிலிருந்த சின்ன லாக்கைக் கழற்றிக் கூட்டை இழுத்தார். காந்தம் விட மனமில்லாமல் விட்டது. கடை மேஜை முழுக்க இரும்புத்தூள் என்பதால் முதலிலேயே துணி விரித்திருந்தார். ஒரு பொடி ஒட்டினாலும் உள்ளே கீறும்.

அறுந்த இழையை அரைச் சுற்று பிரித்து நீளம் சம்பாதித்தார். பிறகு கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இழையைத் திருப்பித் திருப்பிச் சுரண்டினார். அடர்ந்த சிவப்பு போய் இளஞ்சிவப்பு தெரிந்தது. “வெட்டு விழக் கூடாதுங்க. விழுந்தா நாளைக்கு அதே எடத்துல ஒடியும்.” அதே கேஜ் கம்பியில் ஒரு துண்டு சேர்த்து, ஸ்லீவ் ஏற்றி, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தார். ஈயம் கம்பிக்குள் மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டார்; ஏறிய இடம் குச்சியாக விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியுமாம். (ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்துச் சூடுகாட்டி எனாமலை நீக்குவது பழைய ரேடியோக்காரர்களின் வித்தை. அந்தப் புகையை முகர்ந்தவர்கள் இரண்டாம் முறை செய்ய மாட்டார்கள்.)

“மத்த ரெண்டு ஒயரையும் நீங்க சொரண்டுங்க” என்று கத்தியை மாணவரிடம் நீட்டினார்.

மாணவர் இரண்டு இழைகளை ஒடித்தார். கே.வி. கணக்கை எனக்குக் கடகடவென்று ஒப்பித்த அதே கை. எனக்கு உறுத்தத் தொடங்கியது இந்த இடத்தில்தான். 2001 வாக்கில் ஜெர்மனியில் சில பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களே செம்புக் கம்பி சுற்றித்தான் இவ்வகை மோட்டாரைப் பிரபலமாக்கினார்கள். அதில் மூவரின் பெயரெழுத்துகளைச் சேர்த்து எல்.ஆர்.கே. என்று ஒரு சுற்றுமுறையே உண்டு. பழைய சி.டி. டிரைவிலிருந்து மோட்டாரைப் பிடுங்கி, காந்தம் மாற்றி, மறுபடி சுற்றிப் பறக்கவிட்டவர்கள் ஏராளம். கையால் சுற்றி வளர்ந்த விளையாட்டுக்கு இன்று எனாமல் சுரண்டத் தெரிந்த கை இல்லை. சில நூறு ரூபாய் மோட்டாருக்கு அரைநாள் மெனக்கெடுவானேன், புதுசு வாங்கலாமே என்பார்கள். நேரத்துக்கும் விலை உண்டுதான். ஆனால் இந்தக் கடையில் இரண்டு உதவியாளர் இருந்த இடத்தில் இப்போது யாருமில்லை. “பழகறதுக்கு ஒரு வருசம் ஆகும்னா அப்பவே எந்திரிச்சுப் போயிடறாங்க” என்கிறார். இவருக்குப் பிறகு அந்த ஐந்து ஹெச்.பி.யை யார் கட்டுவார் என்று கேட்டேன். வார்னிஷ் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை.

மூன்று ஒயரும் தயாராக ஒருமணி நேரம் ஆனது. விசிறி மாட்டாமல்தான் ஓட்டிப் பார்த்தார்கள். பத்து அங்குல விசிறி விரலைச் சும்மா விடாது. மோட்டார் உதறாமல் சீறிக்கொண்டு சுற்றியது. மாணவர் முகம் மட்டும் சுருங்கியது.

“ங்ணா, ரிவர்ஸ்ல சுத்துது. கெட்டுப்போச்சுங்களா?”

“எதாவது ரெண்டு ஒயர மாத்திக் குடுங்க.”

“நீங்க இந்த மோட்டாரை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. போர்வெல் மோட்டாரு ரிவர்ஸ்ல ஓடித் தண்ணி வரலைன்னு கூப்புடுவாங்க. போய் ரெண்டு ஒயர மாத்திட்டு வருவேன். இதுவும் மூணு ஒயருதானே.”

மாணவர் இரண்டு முனைகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். மோட்டார் திரும்பியது. கடைக்காரர் ஐந்து ஹெச்.பி. மோட்டாரை மறுபடி கால்களுக்கிடையே இழுத்துவைத்துக் கொண்டார்.