அச்சை அழுத்தும்போது மூச்சை விடுங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பேசிவிட வேண்டிய விஷயம் இது. முந்தின நாள் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்குள் கணக்கு ஆரம்பித்துவிடும். போனஸ் எவ்வளவு வரும், அதில் யார் யாருக்குத் துணி, டெய்லர் பிளவுஸை நாளைக்காவது தருவாரா, ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்குமா, தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு என்ன போடுவது. இதில் எதுவும் உயிர் போகிற விஷயமில்லை. ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெருநாய் துரத்தினால் என்ன செய்யுமோ, அதையேதான் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, பின்னாலேயே கார்டிசோல் வருகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கழுத்துத் தசை இறுகுகிறது, செரிமானம் மந்தமாகிறது. நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பண்டிகைக் கவலை அப்படி ஓய்வதில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதனால்தான் தீபாவளி முடிந்த கையோடு பலரும் காய்ச்சலிலோ தலைவலியிலோ படுத்துவிடுகிறார்கள்.

சரி, இதில் யோகாவுக்கு என்ன வேலை? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகம் எடுக்கும், விடும்போது நிதானமாகும். சின்ன வயசுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்புதான் இதயத்தின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மூச்சு வெளியே போகும்போது அந்தப் பிடி கூடுகிறது. இதயத்தை நேராக நம்மால் மெதுவாக்க முடியாது, மூச்சை முடியும். எனவே இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் போதும். மூக்கால் நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. இப்படி நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்கள் சாதாரணமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை விடுவார்கள். ஐந்து நிமிடம் செய்தாலே தோள் இறங்குவது தெரியும். மூச்சை உள்ளே அடக்கி வைக்க வேண்டாம். ரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

‘ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் முறுக்குப் பிழிகிறவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்கிறேன். மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும், அச்சை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மூச்சு அப்படியே நின்றுவிடும். பல் கடிபடும், தோள் இரண்டும் காது வரை ஏறும். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இப்படி நின்றால் ராத்திரி பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? அழுத்தும்போதே மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அச்சைத் தூக்கும்போது உள்ளே இழுங்கள். பாதம் இரண்டிலும் எடை சமமாக இருக்கட்டும், முழங்காலை விறைக்க வேண்டாம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, முறுக்கும் நிற்காது.

இதை நானாகக் கட்டிச் சொல்லவில்லை. மைசூரிலிருந்து 1950களில் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும் வரை இங்கேயே இருந்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில், அசைவும் மூச்சும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். ஆளுக்குத் தகுந்த பயிற்சி என்பது இன்னொன்று. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் சொல்லிக்கொடுக்கிறது. நாள் பூராவும் நின்று வேலை செய்தவருக்குப் பண்டிகை வாரத்தில் நான் சூரிய நமஸ்காரத்தைச் சொல்ல மாட்டேன். சுவரோரம் பாயை விரித்துப் படுத்து, காலைச் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருக்கச் சொல்வேன். கால் வீக்கம் வடியும், இடுப்புக்கும் இதம். கண் நீர் அழுத்தம், அடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை விட்டுவிட்டுக் கெண்டைக்காலை மட்டும் நாற்காலி மேல் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் சவாசனம். களைப்பைப் போக்கி மனதை ஓய வைக்கும் என்று ஹடயோகப் பிரதீபிகையே சொல்கிற ஆசனம் அது.

மைண்ட்ஃபுல்னஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது வேறு உலகத்துச் சமாசாரம் இல்லை. பௌத்த தியான மரபிலிருந்து எடுத்து, 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சியாக அதை வகுத்தார். அதில் பிரபலமான ஒரு பாடம், ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று தின்பது. நம் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு வைப்பவருக்கு இது புதிதாகவே இருக்காது. வெல்லம் நுரைத்துப் பொங்குகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் முதலில் கரைந்து ஓடுகிறது. சற்றுப் பொறுத்து விட்டால் இழுபடுகிறது. இன்னும் கொஞ்சத்தில் மெத்தென்று உருண்டு வருகிறது. அங்கே இறக்கியாக வேண்டும். தவறவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும், முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும். அந்தச் சில நிமிடம் நாத்தனார் போன வருஷம் சொன்ன சொல்லோ டெய்லரோ மனதில் இருப்பதில்லை. அந்தக் கவனத்தைக் காலையில் எண்ணெய் தேய்க்கும்போதும் கொண்டு வரலாம். மனம் ஓடினால் ஓடட்டும். திட்டாமல் உச்சந்தலையில் இருக்கும் விரலுக்கே திரும்பி வாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்து தெம்பு வந்துவிட்டது என்று அடுப்படியில் ஒருத்தரே இன்னும் நாலு மணி நேரம் நிற்பதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. நிறைய வீடுகளில் பண்டிகை எல்லோருக்கும், வேலை ஒருத்தருக்கு. அந்தப் பாரத்தை எந்த ஆசனமும் இறக்காது. மாவு சலிப்பது, தேங்காய் துருவுவது, பாத்திரம் தேய்ப்பது, வருகிறவர்களுக்குக் காபி போடுவது என்று வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து பலகாரத்தை மூன்றாகக் குறைத்தால் குடி முழுகிவிடாது. பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் தட்டில் கடை மைசூர்பாகு இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. வேலை மிகுதியால் தவிப்பவர்கள் இல்லை, வீடு வெறிச்சென்று இருப்பதால் தவிப்பவர்கள். துக்கம் நடந்த வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு. அவர்களிடம் மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. அழுகை வந்தால் வரட்டும், பக்கத்தில் போய் உட்காருவோம். தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, கட்டணமில்லாதது. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பட்டாசுப் புகை மண்டியிருக்கும் அன்றைக்கு மட்டும் மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி வேண்டாம். ஜன்னலைச் சாத்தி உள்ளேயே செய்யுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு–ஆறு கணக்கை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், முறுக்குக்கு மாவு அரைக்கும் நாளுக்குள் பழகிவிடும்.